கல் சொல்வதும் ஊர் சொல்வதும்



பாடநூலில் வரலாறு ஒழுங்காக அணிவகுத்து நிற்கிறது. சங்க காலம் முடிந்தபின் பல்லவர் வருகின்றனர். பல்லவர் சென்றபின் சோழர் வருகின்றனர். நிலத்தின்மேல் நடந்து பார்த்தாலோ வரலாறு அவ்வாறு வரிசையில் நிற்பதில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து ஒரு குகையில் இருக்கும். அக்குகைக்கு ஊரார் இட்ட பெயர் வேறொரு கதையைச் சொல்லும். சங்கப் புலவர் பெயரைத் தாங்கிய பாறை ஆற்றின் நடுவில் நிற்கும். அப்பாறையைப் பற்றிய செய்தி ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய கோயிற் சுவரில் கிடைக்கும். இவற்றையெல்லாம் எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது, எதை ஐயுறுவது என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பேச்சை ஒரு நடைப்பயணமாக அமைத்துக்கொள்வோம். கல்வராயன் மலையில் தொடங்கி, சம்பை, திருக்கோவலூர், அரகண்டநல்லூர் ஆகிய ஊர்களைப் பார்த்து, கடைசியாகக் கோணான்குப்பத்து மாதா கோவிலுக்குப் போவோம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பேருந்தில் செல்லலாம். ஊரை அடைந்தபின் கால்களால் நடந்தே பார்க்க வேண்டும். பேருந்தின் சன்னல் வழியே கண்ட கல் எதுவும் நம்மோடு பேசாது.

புறப்படுமுன் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்துக் கோடிடுங்கள். முதற் பத்திக்குக் ‘கல் சொல்வது’ என்றும், இரண்டாம் பத்திக்கு ‘ஊர் சொல்வது’ என்றும், மூன்றாம் பத்திக்கு ‘நான் எண்ணுவது’ என்றும் தலைப்பிடுங்கள். ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களை அழைத்துச் சென்றபோதெல்லாம் நான் இட்ட கட்டளை இஃது ஒன்றே. மூன்றும் வேண்டியவையே. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் பத்தியில் எழுதிவிட்டால் வரலாறு கெட்டுவிடும்.

முதலில் மலையைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே நீல நிறமாக எழுந்து நிற்பதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது சேலம் மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இம்மலையில் தோன்றிக் கீழே உள்ள வயல்களுக்கு வளம் தருகின்றன. மலையில் வாழும் பழங்குடியினரை ‘மலையாளி’ என்று அழைக்கிறோம். இச்சொல்லைக் கேரளத்தாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. மலையை ஆள்வோர் என்பதே இங்குப் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்கள் வழிவழியாகக் கூறுகின்றனர்.

இச்செய்தியை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? ‘ஊர் சொல்வது’ என்ற இரண்டாம் பத்தியில்தான். ‘கல்வெட்டில் இல்லையே, தள்ளிவிடலாமா?’ என்று கேட்டால், தள்ளக்கூடாது என்பேன். எழுத்தில் பதியப்பெறாத மக்களுக்கு நினைவே ஆவணம். பாட்டன் பேரனுக்குச் சொன்னதே அவர்களுடைய பட்டயம். அதைக் கேட்டபடியே, சொன்னவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழியை இகழ்வதும் பிழை. வாய்மொழியைக் கல்வெட்டாகக் கொள்வதும் பிழை. இவ்விரண்டு பிழைகளுக்கும் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையில்தான் வரலாற்று மாணவன் நடக்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கி வடகிழக்கே சென்றால் தென்பெண்ணை ஆற்றுப் பகுதியை அடைவோம். கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, கடலூருக்கு அருகில் கடலில் கலக்கும் ஆறு இது. இந்த ஆற்றுப் பகுதியில், மணலூர்ப்பேட்டைக்கு அருகில், சம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு குன்றும், குன்றில் இயற்கையாய் அமைந்த ஒரு குகையும் இருக்கின்றன. ஊரார் அக்குகையைத் ‘தாசிமடம்’ என்று அழைத்தனர். பெயரைக் கேட்டவுடன் ஒரு நடனமங்கையும் அவள் வாழ்ந்த மாளிகையும் நம் மனத்தில் தோன்றுகின்றன அல்லவா? இது ஊர் சொல்வது.

கல் சொல்வது என்ன? 1981ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் இக்குகையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டனர். ஒரே வரி. ‘சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி’ என்பது அதன் கருத்து. பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, துறவிகளுக்கு இந்த உறைவிடத்தை அளித்தான் என்று கல் சொல்கிறது. கல்வெட்டின் காலம் ஏறத்தாழக் கி.பி. முதல் நூற்றாண்டு என்பது அறிஞர் கணிப்பு.

இந்த ஒரு வரியின் பெருமையை உணர நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அசோகப் பேரரசர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வெட்டுவித்த பாறைக் கல்வெட்டு ஒன்றில், தம் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டு அரசர்களைக் குறிப்பிடுகிறார். சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர் என்பன அப்பெயர்கள். அசோகர் காலத்துப் பிராமி எழுத்தை சேம்சு பிரின்செப் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1837இல் படித்துக் காட்டினார். சோழரையும் பாண்டியரையும் சேரரையும் எல்லாரும் எளிதில் அறிந்துகொண்டனர். அந்தச் சதியபுதர் யார்? துளு நாட்டார் என்றார் ஒருவர். மராட்டிய நாட்டில் தேடினார் மற்றொருவர். ஊர்ப்பெயர் ஒற்றுமை கண்டு சத்தியமங்கலம் என்றார் வேறொருவர். அதியமான் மரபினராக இருக்கலாம் என்று கருதியோரும் இருந்தனர். ஆயினும் அறுதியிட்டுக் கூற ஒருவராலும் இயலவில்லை.

நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் வாதிட்ட வினாவிற்கு, ஆடு மேய்ப்போர் மழைக்கு ஒதுங்கத்தக்க ஒரு குகையில் விடை காத்திருந்தது! ‘சதியபுதோ’ என்ற பட்டமும் ‘அதியன்’ என்ற பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘புத’ என்றால் மகன். அதியன் மகன் என்பதே அதியமான் என்று மருவியது. சேரமான் என்ற சொல்லையும் கேரளபுதர் என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; அமைப்பு ஒன்றாக இருப்பது விளங்கும்.

இன்னுமொரு சிறப்பு உண்டு. அதியமான் கோவலூரை வென்ற செய்தி புறநானூற்றில் ஔவையார் பாட்டில் வருகிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அவ்வளவு தொலைவிலிருந்து வந்து அவன் இப்பகுதியில் ஆணை செலுத்தினானா என்று ஐயுற்றவர்க்கு, கோவலூருக்கு அருகிலேயே அவன் பெயர் பொறித்த கல் விடையளிக்கிறது. பாட்டும் கல்லும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இரண்டு சாட்சிகள் கலந்து பேசாமல் ஒரே செய்தியைச் சொன்னால் நீதிமன்றம் அதை மதிக்கும். வரலாறும் அவ்வாறே மதிக்கிறது.

அடுத்து, திருக்கோவலூருக்குச் செல்வோம். சங்க காலத்தில் இது மலையமான் திருமுடிக்காரியின் ஊர். பெண்ணையாற்றின் தென்கரையில், கீழையூர்ப் பகுதியில் வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது. சிவபெருமானின் வீரச் செயல்கள் நிகழ்ந்தனவாகப் புராணம் கூறும் எட்டு வீரட்டானங்களுள் இஃது ஒன்று. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். கோயிலுக்குள் வழிபடச் செல்வோர் நேரே கருவறை நோக்கி விரைவர். நீங்களும் வழிபடுங்கள், வெளியே வரும்போது சுவர்களையும் ஒரு முறை வலம் வாருங்கள். பல்லவர், இராட்டிரகூடர், சோழர் எனப் பல மரபினர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகள், நிலத்தின் நான்கெல்லை, கொடுத்தவர் பெயர் போன்ற செய்திகளைத் தாங்கிய அச்சுவர்கள் அக்காலத்துப் பதிவாளர் அலுவலகமேயாகும்.

அச்சுவரில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, செய்யுள் நடையில், ஓர் அரிய செய்தியைக் கூறுகிறது. கபிலர் தம் நண்பன் பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுத் தீயில் புகுந்து உயிர் நீத்தார் என்றும், அவ்விடம் பெண்ணையாற்றில் உள்ள கபிலக்கல் என்றும் அது சொல்கிறது. கோயிலிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து சென்றால், ஆற்றுக்குள் ஒரு தனிப்பாறையும் அதன் தலையில் ஒரு சிறு கோயிலும் தெரியும். கபிலர் குன்று என்று மக்கள் வழங்குவது அதனைத்தான்.

பறம்பு மலைக்குத் தலைவன் பாரி. மூவேந்தரும் முற்றுகையிட்டு அவனை மாய்த்தபின், தாய் தந்தையற்ற அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராகச் சென்றார். விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார், இருவரும் மணக்க இசையவில்லை. இவை புறநானூற்றுப் பாடல்களால் நாம் அறிபவை. நண்பன் இறந்த பிறகும் நட்புக் கடனை இறக்கி வைக்காமல் சுமந்து நடந்த அந்த முதியவரை எண்ணியபடி அப்பாறையைப் பார்த்தால் கண் கலங்காமல் இருப்பது அரிது.

ஒருமுறை இக்கரையில் நின்றபோது ஒரு மாணவன் என்னிடம், “ஐயா, வகுப்பில் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்று சொன்னீர்கள். இங்கே தீப்பாய்ந்தார் என்கிறீர்கள். எது உண்மை?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு வினாவுக்காகவே அத்தனை பேரையும் வெயிலில் நடத்தி வந்தது தகும் என்று எண்ணினேன்.

அவன் வினாவை நாமும் ஆராய்வோம். புறநானூற்றுப் பாடல் ஒன்றின் அடிக்குறிப்பு, கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணா நோன்பால் உயிர் நீத்ததாகக் கூறுகிறது. கோயிற் கல்வெட்டோ மலையனுக்கு மணம் செய்துவைத்துத் தீப்புகுந்ததாகக் கூறுகிறது. மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. அங்கவை, சங்கவை என்னும் இருவருக்கும் ஔவையாரே முன்னின்று திருக்கோவலூரில் திருமணம் செய்துவைத்தார் என்பது அது. இப்பெயர்கள் சங்கப் பாடல்களில் இல்லை. அங்கே அவர்கள் பாரி மகளிர் மட்டுமே. பெயர்கள் பிற்காலக் கதையில் வருகின்றன.

இவற்றை எவ்வாறு எடை போடுவது? பாடல் கபிலருடையது, அதில் அவர் பாரியோடு மறுமையிலும் இணைந்திருக்க விழைகிறார், அவ்வளவே. அடிக்குறிப்போ பாடல்களைத் தொகுத்தோர் பிற்காலத்தில் எழுதியது. கல்வெட்டு அதனினும் பிந்தியது. இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். கபிலர் காலத்திற்கும் அவன் காலத்திற்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளேனும் கழிந்துவிட்டன. ‘கல்லில் இருக்கிறது, ஆகவே மறுக்க முடியாத உண்மை’ என்று சொல்வதற்கு இடமில்லை. அக்கல்வெட்டு கபிலரின் முடிவுக்கு நேர்ச்சாட்சி அன்று. ஆனால் வேறொன்றுக்கு அது நேர்ச்சாட்சி. கபிலர் மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும் திருக்கோவலூர் மக்கள் அவரை மறக்கவில்லை. ஆற்றிலுள்ள பாறை ஒன்றை அவர் பெயரால் சுட்டிக்காட்டி வந்தனர். அரசனைப் புகழும் செய்யுளிலும் அப்புலவனுக்கு இடம் தந்தனர். இது ஐயத்திற்கு இடமின்றிக் கல் சொல்லும் செய்தி.

சம்பைக் கல் ஒரு செயலுக்குச் சாட்சி. கோவலூர்க் கல் ஒரு நினைவுக்குச் சாட்சி. கல் என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக்கூடாது. யார் வெட்டினார், எப்போது வெட்டினார், நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே எத்தனை காலம் என்னும் மூன்று வினாக்களைக் கல்லிடமும் கேட்க வேண்டும். என் மாணவனுக்கு நான் சொன்ன விடையும் இதுவே. “தம்பி, எப்படி இறந்தார் என்பதில் சான்றுகள் மாறுபடுகின்றன. எதற்காக வாழ்ந்தார் என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. இரண்டையும் எழுதிக்கொள்” என்றேன்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றில் நீர் ஓடும் காலத்தில் கரையில் நின்றே குன்றைக் காணுங்கள். 2024ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை எத்தகைய வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்பதை இக்கரை மக்கள் நன்கறிவர்.

பாலத்தைக் கடந்து வடகரைக்குச் செல்வோம். அங்கே விழுப்புரம் மாவட்டத்து அரகண்டநல்லூர் உள்ளது. ஒரு பெரும்பாறையின்மேல் ஒப்பிலாமணீசுவரர் கோயில் கம்பீரமாக நிற்கிறது. தேவாரத்தில் இவ்வூரின் பெயர் அறையணிநல்லூர். அறை என்றால் பாறை. பாறை அணிசெய்யும் நல்ல ஊர். பொருள் மறைந்தபின் ஒலியும் சிதைந்து இன்றைய பெயர் வந்தது. திருஞானசம்பந்தர் இங்கிருந்து திருவண்ணாமலையைக் கண்டு பாடினார் என்று பெரியபுராணம் கூறும். கல்லில் மட்டுமன்றி ஊர்ப்பெயரிலும் வரலாறு உறைந்து கிடக்கும் என்பதற்கு இவ்வூர் நல்ல சான்று.

அப்பாறையில் ஒரு குடைவரை இருக்கிறது. தூண்களையும், உள்ளே ஐந்து அறைகளையும் குடைந்திருக்கின்றனர், வேலை முற்றுப்பெறவில்லை. ஐந்து அறை என்றவுடன் ஊர் என்ன சொல்லும்? பாண்டவர் ஐவரும் வனவாசத்தில் தங்கிய இடம் என்று சொல்லும். கல் சொல்வதோ பல்லவர் காலத்துச் சிற்பியின் உளியைப் பற்றி. முற்றுப்பெறாத வேலையைக் கண்டு வருந்தாதீர்கள். முடிந்த கோயில் சிற்பியின் வெற்றியைக் காட்டும்; முடியாத குடைவரையோ அவன் வேலை செய்யும் முறையைக் காட்டும். எங்கே சதுரம் குறித்தான், எப்படி அடுக்கடுக்காகச் செதுக்கி உள்ளே சென்றான் என்பதை அரைகுறையாய் நிற்கும் கல்லில்தான் கற்க முடியும். தமிழாசிரியருக்கு மாணவனின் அடித்தல் திருத்தல் உள்ள பழகுதாள் எவ்வளவு பயன் தருமோ அவ்வளவு பயன் இக்குடைவரை தருகிறது. பாண்டவர் கதையையும் விடாமல் இரண்டாம் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். குடைந்தவர் யாரென மறந்துபோன மக்கள், வெறுமையை ஒரு காவியத்தால் நிரப்பினர் என்பது அவர்கள் உள்ளத்தைப் பற்றிய செய்தியன்றோ?

இனித் தெற்கே செல்வோம். உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து விருத்தாசலம் நோக்கிச் சென்றால், கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்கு அப்பால், கடலூர் மாவட்டத்தில் கோணான்குப்பம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே பெரியநாயகி மாதா கோவில் உள்ளது. உள்நாட்டுத் தமிழகத்தில் கிறித்தவம் வேரூன்றிய தொடக்க நூற்றாண்டுகளின் நினைவைத் தாங்கிய தலம் இது. 1606இல் இராபர்ட்டு தெ நொபிலி மதுரைக்கு வந்த பிறகு உள்நாட்டில் கிறித்தவப் பணி புதிய வழியில் நடந்தது. அவ்வழியில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் கொன்சுதான்சு யோசேப்பு பெசுகி என்னும் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலி நாட்டுக் காசுதிலியோனே என்னும் ஊரில் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கி, தமிழகம் அடைந்து, தமிழைக் கற்றுத் தமிழ்ப் புலவராகவே ஆனவர்.

இக்கோவிலைப் பற்றி ஊர் சொல்வதைக் கேளுங்கள். முனிவர் எடுத்து வந்த மாதாவின் திருவுருவம் இங்குள்ள காட்டில் காணாமற் போயிற்றாம். பிள்ளைப்பேறில்லாதிருந்த முகாசாபரூர்க் கச்சிராயர் கனவில் அன்னை தோன்றித் தமக்குக் கோவில் அமைக்கச் சொன்னாராம். உருவம் கண்டெடுக்கப்பெற்றது, கச்சிராயருக்கு மகப்பேறும் வாய்த்தது, கோவிலும் எழுந்தது. முனிவரின் விருப்பப்படி தமிழ்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்திய வடிவில் மாதாவின் உருவம் மணிலாவில் செய்விக்கப்பெற்று வந்தது என்றும், தேம்பாவணியை முனிவர் இவ்வன்னையின் திருமுன் படைத்தார் என்றும் மரபு கூறுகிறது. இவை யாவும் இரண்டாம் பத்திக்கு உரியவை.

கோவிற் கட்டடம் காலந்தோறும் புதுப்பிக்கப்பெற்றிருக்கிறது. ஆகவே, இன்று நாம் காணும் சுவர் ஒவ்வொன்றையும் முனிவர் காலத்தது என்று கொள்ளலாகாது. கட்டடத்தினும் பழைய சான்று ஒன்று அங்கே இருக்கிறது. அது கல்லால் ஆனதன்று, சொல்லால் ஆனது. ‘பெரியநாயகி’ என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அருகிலுள்ள விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயில் அம்மைக்கும் விருத்தாம்பிகை என்றும் பெரியநாயகி என்றும் பெயர். இத்தாலியிலிருந்து வந்தவர் தம் நாட்டுப் பெயரை இறக்குமதி செய்யவில்லை. இந்த மண்ணில் மக்கள் அன்னையை அழைத்துப் பழகிய சொல்லாலேயே அழைத்தார். இன்றும் சனவரித் திங்களில் நிகழும் தேர்த் திருவிழாவில் பல சமயத்தாரும் கூடுகின்றனர். இதைக் காண ஏணி வைத்துச் சுவரேற வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்டால் போதும்.

முனிவர் வரலாற்றிலும் நம் மூன்று பத்திகள் உதவும். அவர் தமிழ் வரலாறு ஒன்றைப் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதினார். முனிவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்பன போன்ற செய்திகள் அதனால் பரவின. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் அவற்றை ஏற்கத் தயங்குகின்றனர். அவர் மணப்பாட்டில் மறைந்தார் என்பது நெடுங்காலம் வழங்கிய செய்தி. சேசு சபையின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தோர் 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார் என்பர். கபிலர் முடிவைப் பற்றிய மாறுபாட்டை ஆற்றங்கரையில் கண்டோம். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த முனிவரின் முடிவிலும் அதே மாறுபாட்டைக் காண்கிறோம். காலம் அண்மையது என்பதால் கதை குறைந்துவிடுவதில்லை. அன்பு மிகுந்த இடத்தில் கதையும் மிகுகிறது.

ஐயமே இல்லாத செய்திகளும் உண்டு. தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளை உடையது. சொற்களை அகர வரிசையில் அமைத்துப் பிற்காலத் தமிழகராதிகளுக்கு வழிகாட்டிய நூல் அது.

இங்கே நம் பயணத்தின் தொடக்கமும் முடிவும் ஓர் எழுத்தில் வந்து சந்திக்கின்றன. பழைய கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வடிவம் ஒன்றே. குறிலுக்குப் புள்ளி இடுவது இலக்கண மரபு. கல்லிலும் ஓலையிலும் எழுதியோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். படிப்போரே இடம்நோக்கி அறிந்துகொள்ள வேண்டும். இந்த இடர்ப்பாட்டை நீக்கி, நெடிலுக்குத் தனி அடையாளம் தந்தவர் வீரமாமுனிவர். நீங்கள் இன்று ‘ஏடு’ என்றும் ‘ஓடு’ என்றும் எழுதும்போது காணும் வேறுபாடு அவர் செய்த சீர்திருத்தத்தின் பயன். சம்பைக் குகையின் பிராமி எழுத்து, கோவலூர்ச் சுவரின் சோழர் கால எழுத்து, கோணான்குப்பத்து முனிவர் திருத்திய எழுத்து ஆகிய மூன்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுத் தமிழ் எழுத்தின் வளர்ச்சி உங்கள் கைக்குள் அடங்கிவிடும். சமணத் துறவியின் படுக்கையும், சிவன் கோயிற் சுவரும், மாதா கோவிலும் சேர்ந்தே அந்த ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றன. இவற்றுள் எதை விலக்கினாலும் பாடம் குறைவுபடும்.

மாணவர்களே, இச்சான்றுகள் என்றும் நமக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். குன்றைச் சல்லிக்காக உடைத்தால் கல்வெட்டும் சல்லியாகிவிடும். திருப்பணி என்ற பெயரில் பழஞ்சுவரின்மேல் பூசும் சுண்ணாம்பும் வண்ணமும் எழுத்தின் வாயை அடைத்துவிடும். குகைச் சுவரில் தம் பெயரையும் தோழி பெயரையும் கீறிச் செல்லும் இளைஞரை நான் கண்டிருக்கிறேன். சம்பைக் கல்வெட்டு ஒரே ஒரு வரி. அவ்வரியின்மேல் 1981க்கு முன் எவரேனும் ஆணியால் கீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சதியபுதர் யார் என்று நாம் இன்றும் வாதிட்டுக்கொண்டிருப்போம். வாய்மொழியும் அவ்வாறே அழியக்கூடியது. மலைமேல் வாழும் ஒரு முதியவர் மறையும்போது, எழுதப்படாத ஓர் ஏடு எரிந்துபோகிறது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். ஊர்க் கோயிற் சுவரில் எழுத்து இருந்தால் அது பதிவாகியிருக்கிறதா என்று ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறையினரைக் கேளுங்கள். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்க வேண்டா. காலையிலோ மாலையிலோ சாய்வான வெயில் விழும்போது பார்த்தால் எழுத்து தானே புலப்படும். பாட்டி, தாத்தாவிடம் ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்டு, சொன்னவர் வயதையும் கேட்ட நாளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் பத்தியை இப்போதைக்கு வெறுமையாகவே விட்டு வையுங்கள். முதல் இரண்டு பத்திகளும் நிறைந்தபின் அதை நிரப்பத் தொடங்கலாம். அதையும் மையால் அன்று, பென்சிலால் எழுதுங்கள். புதிய கல் ஒன்று கிடைக்கும் நாளில் அழித்து எழுத வேண்டியிருக்கும்.